சாஜிதா பேகம் தொடாத வரைபடம்

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே வரைபடங்களின் அளவுகளைச் சரிபார்ப்பது சாஜிதா பேகத்தின் வேலை. 1995இல் அவளுக்கு வலது கண் மங்கியது, கால்கள் மரத்துப்போயின. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துவிடும் நோய் என்றார் டாக்டர். இரண்டு மாதத்தில் பார்வை திரும்பியது. கால் முழுதாகத் தேறவில்லை. வெயில் ஏறினால் தள்ளாடும். ஊன்றுகோலுடன் வேலைக்கு வந்தாள்.

வரைபடப் பிரிவின் தலைவர் சென்னகேசவன் செய்த தவறுகளை ஒன்பது வருடமாகச் சத்தமில்லாமல் திருத்திக் கொடுத்தவள் அவள்தான். அவரோ அவளுடைய இடத்துக்குத் தன் மச்சினனைக் கொண்டுவர நினைத்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்த ஒடம்ப வெச்சுட்டு எதுக்குச் சிரமப்படறீங்க? ராஜினாமா எழுதிக் குடுத்துப்போட்டு ஊட்ல இருங்க."

"கண்ணு நல்லாத் தெரியுதுங்க. டாக்டரு சர்டிபிகேட் குடுத்திருக்காருங்க."

மறுநாள் மெமோ வந்தது. பார்வைக் கோளாறு காரணமாக, சென்னகேசவனின் வரைபடங்களை அவள் இனித் தொடக் கூடாது. எல்லோர் முன்னிலையிலும் அதை அவரே உரக்க வாசித்தார். யாரோ சிரித்தார்கள். சாஜிதா கழிவறையில் போய் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வரும்போது, இந்த ஆளை விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

ஏப்ரலில் ஏற்றுமதிப் பம்பின் வரைபடம் அவள் மேசையைத் தாண்டிப் போனது. தண்டு நுழையும் துளை இருபத்தெட்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சென்னகேசவன் முப்பத்திரண்டு என்று போட்டிருந்தார். பார்த்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டாள்.

அறுபது பம்புகளின் பாகங்கள் பாழாயின. முதலாளி வெங்கடபதி இருவரையும் கூப்பிட்டார்.

"நீங்க பாக்கலீங்களாம்மா?"

"பாத்தனுங்க." மெமோவை அவர் முன் வைத்தாள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். "பாத்துட்டுமா சொல்லாம இருந்தீங்க?"

"கண்ணு தெரியாதவ சொன்னா யாருங்க கேப்பாங்க?"

அந்த வாரமே சென்னகேசவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். அவர் பார்த்த வேலை சாஜிதாவுக்கு வந்தது.

அடுத்த வருடம் நோய் மறுபடி தாக்கியது. மூன்று வாரம் எழுந்து நடக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது தலைவர் நாற்காலி அவளுக்காகக் காத்திருந்தது. தினமும் காலையில் ஸ்டோர் ஜன்னல் எதிரே சற்று நிற்பாள். கால் தள்ளாடாத நாளிலும் நிற்பாள். உள்ளே சென்னகேசவன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதைப் பார்த்த பிறகே நகர்வாள். இதற்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இன்னும் கேட்கவில்லை.