தெருவில் நின்ற கோவில்

மூன்று நாளாக எங்கள் மாதா கோவில் தெருவில் நடந்து வந்துகொண்டிருந்தது. பழைய இடத்தை ரயில்காரர்கள் வாங்கிவிட்டார்கள். மரக் கோவில்தானே, அப்படியே நகர்த்திக்கொண்டு போய்விடலாம் என்று பங்குக் கூட்டத்தில் முடிவாயிற்று. அடியில் உருளைக் கட்டைகள், முன்னால் இரண்டு குதிரைகள். மிச்சிகன் ஏரியிலிருந்து வந்த பனிமூட்டத்தில் கட்டையும் தெரியாது, கயிறும் தெரியாது. கோபுரம் மட்டும் வீட்டுக் கூரைகளுக்கு மேலே மெல்ல மிதந்து போகும். காலையில் ரொட்டிக்கு மாவு பிசையும்போது ஜன்னலில் கோவிலின் ஒரு மூலை தெரிந்தது. மத்தியானம் பார்த்தால் இன்னொரு மூலை. விழித்துக்கொண்டுதான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் உருளை ஒன்று பிளந்து, கோவில் நின்றுவிட்டது. மறுநாள் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை சுத்தியலைத் தொடுகிற போலந்துக்காரன் எங்கள் பங்கில் கிடையாது. நின்ற இடத்திலேயே பூசை என்று எங்கள் சாமியார் ஃபாதர் ட்ரோஸ்த் சொல்லிவிட்டார்.

நிற்பதற்கு வேறு வீடா கிடைக்கவில்லை? பெலாஜியாவின் வீட்டுக்கு நேர் எதிரே நின்றது. அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. அந்தக் கோவிலை எட்டிப் பார்த்து மூன்று வருஷமாகிறது. அவள் புருஷன் வாலென்டி பாய்லர் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே அதன் தரைக்குப் பலகை அடித்தவன். "கட்டினது நாம, பத்திரம் மட்டும் ஏன் பிஷப் பேர்ல?" என்று கூட்டத்தில் எழுந்து கேட்டான். ஃபாதர் ட்ரோஸ்த் அவனைப் பங்கிலிருந்து விலக்கிவைத்தார். அந்தக் குளிர்காலத்திலேயே செத்தும் போனான். சவப்பெட்டி கோவில் வாசல்வரை வந்தது, கதவு திறக்கவில்லை. பங்கில் மரித்தவர்களின் பெயர்களை ஒவ்வொரு நவம்பரிலும் பூசையில் வாசிப்பது எங்கள் வழக்கம். அவன் பெயரை ஒரு தடவைகூட வாசித்ததில்லை. பெலாஜியாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு பெயர்தான்.

விடிந்ததும்தான் ஆண்பிள்ளைகளுக்கு உறைத்தது. கோவில் வாசல் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது, ஏறப் படி இல்லை. கோவிலையே தூக்கி வந்த புத்திசாலிகளுக்குப் படியை எடுத்துவரத் தோன்றவில்லை. பக்கத்தில் கழற்றி எடுக்கிற மாதிரி மரப்படி இருந்தது பெலாஜியா வீட்டு முன்புறத்தில் மட்டும்தான்.

ஃபாதர் ட்ரோஸ்த் தானே வந்து நின்றார்.

"பெலாஜியாம்மா, உங்க படியைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா..."

"இது வாலென்டி செஞ்ச படி சாமி. நீங்க விலக்கி வெச்ச ஆளு. ஏறினா பாவம் ஒட்டிக்காதா?"

"வயசானவங்க குளிர்ல நிக்கிறாங்கம்மா."

"அவர் பேரை வாசிப்பீங்களா?"

சாமியார் தொப்பியைக் கையில் சுழற்றினார். "பிஷப் உத்தரவு. என் கையில இல்லம்மா."

"அப்ப பூனை மாதிரி தாவி ஏறுங்க." கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன். "அடியே, நம்ம தெரு சூசன்னாவுக்கு நிறைமாசம்டி! அவ எப்படித் தாவுவா?"

"உன் வேலையப் பாரு மெலானியா!"

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. யாரையும் தொடவிடாமல் அவளே படியைக் கழற்றி, தெருவில் இழுத்துக்கொண்டுபோய்க் கோவில் வாசலில் போட்டாள். "சாமிக்கு இல்ல. சூசன்னாவுக்கு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, படியில்லாத வாசலில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள். அவளைத் தனியே விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. இடுப்பு வலிக்க ஏறி, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

திறந்த கதவு வழியே பனிமூட்டம் உள்ளே போயிற்று. மெழுகுவர்த்திகள் சுவரே இல்லாத இடத்தில் எரிவதுபோல் தெரிந்தன. பாட்டு ஏரிக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறதோ என்றிருந்தது. கடல் தாண்டி அமெரிக்கா வந்ததெல்லாம் கனவு, இன்னும் போலந்தில் எங்கள் ஊரில்தான் இருக்கிறோம் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

நவம்பர் மாதமாயிற்றே, சாமியார் மரித்தவர்களின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். குடும்பம் குடும்பமாக வாசித்து முடித்தார். பெலாஜியா தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, சாமியாரின் குரல் கேட்டது.

"வாலென்டி."

பெலாஜியா குதித்து இறங்கினாள். "சாமி!" என்று தெருவே கேட்கக் கத்தினாள். "இன்னும் சத்தமாச் சொல்லுங்க! பாய்லர் பட்டறையில காது போன மனுஷன், இது அவருக்குக் கேக்காது!"

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நான் இரண்டையும் செய்தேன். பிறகு ஃபாதர் ட்ரோஸ்த் மூச்சைப் பிடித்து அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டார். தெருமுனையில் கட்டியிருந்த குதிரைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.