ஆளில்லாத வீடு

“நாளைக்குக் காலமை அடுப்பு மூட்டவேண்டாம் அக்கா.”

ஐயாத்துரை குசினி வாசலில் நின்றே சொன்னான். உள்ளே வரவில்லை. முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த இலட்சுமிப்பிள்ளை நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள்.

“ஏன்?”

“வீடு குடிபூரல் எல்லே. பிள்ளை சறோவின்ரை கையாலைதான் முதல் அடுப்பு எரியவேணும். சம்பந்தி பகுதி விடியவே வந்திடும். அந்த நேரம் மட்டும் நீங்கள் பின்வளவுக் கொட்டிலுக்கை இருங்கோ. அவை முழுவியளம் பாக்கிற ஆக்கள்.”

முழுவியளம் என்றால் காரியத்துக்குப் போகையில் எதிரே வருகிற ஆளின் சகுனம். தாலி அறுத்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் உருப்படாதாம். அவள் ஆக்கிப்போட்ட சோற்றைத் தின்றுவிட்டுப் போன காரியங்கள் எப்படி உருப்பட்டன என்று மட்டும் வேலணையில் ஒருவரும் கேட்டதில்லை.

அது அவளுடைய சீதன வீடு. புருஷன் செத்து, பிள்ளையும் இல்லை என்றானபோது ஐயாத்துரைதான் வந்து பக்கத்தில் இருந்து கதைத்தான். “உங்களுக்குப் பிறகு சறோவுக்குத்தானே அக்கா. இப்பவே என்ரை பேரிலை எழுதிவிட்டால் பிறகு கரைச்சல் இல்லை. நீங்கள் இருக்குமட்டும் இது உங்கடை வீடுதான்.” கூடப்பிறந்தவன் சொல்கிறான் என்று அவள் எழுதிக்கொடுத்தாள்.

அம்பத்தெட்டுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலேறி, உடுத்த உடுப்போடு பெண்சாதியையும் மகள் சறோவையும் கூட்டிக்கொண்டு அவன் வந்து இறங்கியபோது, இந்த வீடு திறந்துதான் கிடந்தது. உலையில் சோறு கொதித்தது. “அக்கா இருக்கிறபடியால் தப்பினம்” என்று அன்றைக்கு அவன் அழுதான். நிலைமை சீராகி மறுபடி கொழும்பில் உத்தியோகத்துக்குப் போனபிறகு அந்த அழுகை அவனுக்கு மறந்துபோயிற்று.

இந்த வருஷம் கூரைக் கிடுகைக் கழற்றி ஓடு போட்டான், சுவருக்குப் பூச்சுப் பூசினான். அக்காவுக்காகத்தான் செய்கிறான் என்று நினைத்து, மேசனுக்குத் தண்ணீர் அள்ளி அள்ளி அவளுடைய கை காய்த்துப்போனது. பிறகுதான் சறோவுக்குச் சீதனமாகக் கொடுக்கப்போகிற வீட்டைப் பார்க்க மாப்பிள்ளையின் தகப்பன் ஏரம்பு வந்தார். அவள் கதவுக்குப் பின்னால் நின்று தேத்தண்ணி ஆற்றினாள். ஐயாத்துரையின் பெண்சாதி வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“வீட்டிலை இப்ப ஆர் இருக்கினம்?” என்று ஏரம்பு விறாந்தையில் இருந்து கேட்டார்.

“ஒருத்தரும் இல்லை. பூட்டிக்கிடந்தால் கறையான் அரிக்குமெண்டு, பாத்துக்கொள்ள ஒரு மனிசியை விட்டிருக்கிறம். அது எழுவைதீவுக்குப் போயிடும்.”

அவள் கையில் மிச்சமிருந்த தேத்தண்ணி காலில் ஊற்றுண்டது. சுட்டதுகூடத் தெரியவில்லை. எழுவைதீவில் ஒன்றுவிட்ட தங்கை ஒருத்தி இருந்தாள். கலியாணம் முடிந்ததும் அங்கே போய்க் கொஞ்சநாள் நிற்கச் சொல்லி அவன் முதல்நாள்தான் கேட்டிருந்தான். அந்தக் கொஞ்சநாளுக்கு முடிவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

சொந்தமாக இருந்தால் வீட்டுக்காரி. வாடகை கொடுத்தால் குடியிருக்கிறவள். சம்பளம் வாங்கினால் காவல்காரி. வந்து நின்றுவிட்டுப் போனால் விருந்தாளி. இவளை என்னவென்று சொல்வது? புருஷன் செத்தவளுக்கு ஊர் எத்தனையோ பேர் வைத்திருக்கிறது. தான் வாழ்கிற வீட்டில் அவள் யார் என்பதற்கு மட்டும் ஒரு பேரும் வைக்கவில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இங்கே கடா பாயக்கூட இல்லை. ஒருத்தரும் இல்லை என்றுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தது.

ஆகவே, “அடுப்பு மூட்டவேண்டாம்” என்று தம்பி சொன்னபோது அவள் மறுபடி குனிந்தாள். முருங்கையிலையை ஆய்ந்து முடித்தாள்.

விடிந்தது. ஒழுங்கையால் நிறைகுடமும் குத்துவிளக்கும் வந்தன. சறோஜினிதேவி புதுச்சீலை உடுத்து, பாற்செம்போடு முன்னால் நடந்தாள். வேலிப் படலையடியில் ஏரம்பு நின்றுவிட்டார். குசினியிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

“ஐயாத்துரை, ஒருத்தரும் இல்லையெண்டெல்லோ சொன்னனீர். உள்ளுக்கை ஆர் அடுப்பெரிக்கிறது?”

ஐயாத்துரை வாய் திறக்குமுன் முன்கதவு இரண்டும் அகலத் திறந்தன. இலட்சுமிப்பிள்ளை தலை தோய்ந்து, வெள்ளைச் சீலை உடுத்து, கையில் தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றாள். சறோ தகப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இது ஆர்?” என்றார் ஏரம்பு.

“அது… வந்து… வீடு பாக்கிற…”

இந்தக் கடைசி நேரத்திலாவது அக்கா என்று சொல்லமாட்டானா என்று அவளுடைய மனம் கிடந்து தவித்தது. அவன் நிலத்தைப் பார்த்தான்.

“நான் இவன்ரை தமக்கை,” என்றாள் அவளே. “இந்த வீட்டுக்கு நான் கலியாணம் முடிச்ச அண்டைக்கே குடிபூந்திட்டன். அண்டையிலையிருந்து இங்கைதான் இருக்கிறன், இனியும் இருப்பன். ஆக்கள் இருக்கிற வீட்டுக்கு வாறமாதிரி வாறதெண்டால், இந்தாங்கோ, காலைக் கழுவிப்போட்டு வாங்கோ. தேத்தண்ணி தாறன்.”

பார்த்துவைத்த நல்லநேரம் படலையடியிலேயே போய்க்கொண்டிருந்தது. அவள் செம்பை வாசற்படியில் வைத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு உள்ளே போனாள்.