சராசரி அறுபத்து நான்கு

வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த சர்க்யூட் போர்டை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தபோது காலை மணி பதினொன்று. இந்த வாரத்தில் இது ஏழாவது. மின் அலையைக் கோடாகக் காட்டும் ஸ்கோப் திரையில், போர்டுக்குத் தாளம் போடும் கடிகாரத் துடிப்பின் கோடு பட்டையாகத் தடித்துத் தெரிந்தது. ஒவ்வொரு துடிப்பும் குறித்த நேரத்துக்குச் சற்று முன்னேயோ பின்னேயோ விழுகிறது என்று அர்த்தம். நாங்கள் அதை ஜிட்டர் என்போம். என் மச்சினன் நடுக்கம் என்பான்.

இந்த மின்சுற்றை வரைந்தவனே அவன்தான். என் மனைவியின் தம்பி. இங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் மேனேஜரிடம் போய் நின்றான். "சுவிட்ச் போட்டா நிலைக்கு வரவே ரொம்ப நேரம் எடுக்குது சார். வந்தப்புறமும் நடுங்குது. சரிபண்ண மூணு வாரம் குடுங்க." மேனேஜர் என்னை அளக்கச் சொன்னார். அளந்தேன். தலைமுடி மாதிரி மெல்லிய கோடு. அதைப் படமெடுத்துக் கூட்டத்தில் காட்டி, "போர்டுல ஒரு நடுக்கமும் இல்ல சார், நம்ம மாப்ளைக்குத்தான் கை கால் நடுங்குது" என்றேன். என்ன வாய் எனக்கு! அறையே சிரித்தது. அவன் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலையைத் தள்ளிப்போடச் சாக்கு சொல்கிறான் என்று பேராகிவிட்டது. அந்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது ஒரு கடையில் போன் ரிப்பேர் பார்க்கிறான். "சேர்த்துவிட்டவர் மானத்தையும் வாங்கிட்டான்" என்று அவன் அக்கா அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று அந்தப் பழைய படத்தைத் திறந்தேன். கீழ் மூலையில் சின்ன எழுத்தில், சராசரி 64. முந்தின நாள் வேறொரு வேலைக்காக ஸ்கோப்பில் போட்ட சராசரியை எடுக்க மறந்திருக்கிறேன். அறுபத்து நான்கு துடிப்பைக் கூட்டி வகுத்து ஒற்றைக் கோடாகப் போட்டால் எந்த நடுக்கம்தான் தெரியும்? இருபத்திரண்டு வருடமாக இதே மேசையில் குப்பை கொட்டுகிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித்தருவது, சராசரியை எடுத்துவிட்டு அளக்க வேண்டும் என்பதைத்தான்.

அவனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க மாமா." நேற்றுத்தான் பேசியவன் மாதிரி.

"மாப்ள, அன்னிக்குக் காட்டின படம்... சராசரியைப் போட்டு எடுத்திருக்கேன்டா."

"தெரியும் மாமா. மூலையில எழுதியிருந்துச்சே."

"அடப்பாவி, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"அத்தனை பேர் முன்னாடி உங்களையா? சாயந்திரத்துக்குள்ள நீங்களே பாத்துட்டு வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

அன்று சாயந்திரம் நான் சீக்கிரமே வீட்டுக்குப் போய், அவனைப் பற்றி அவன் அக்காவிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"மன்னிச்சுக்கோடா" என்றேன். அவன் கடையில் யாரோ வாடிக்கையாளரிடம், "அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்பது கேட்டது.

"அக்காகிட்ட சொல்லிட்டீங்களா மாமா?"

"இன்னும் இல்ல."

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா அதுவும் சாக்குன்னுதான் நினைப்பா."

வைத்துவிட்டான். மேனேஜரிடம் அப்புறம் போகலாம். கை சும்மா இருக்க முடியாமல் போர்டை அணைத்து மறுபடி போட்டேன். வீட்டு எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னங்க, இந்த நேரத்துல? சொல்லுங்க."

திரையில் கோடு முன்னும் பின்னும் அலைந்துகொண்டிருந்தது. இன்னும் நிலைக்கு வரவில்லை.