இரண்டாவது சிப்பாய்

பதினேழாவது சாவியும் திரும்பவில்லை. பூட்டுக்காரர் மனைவி அதை வளையத்தில் ஒதுக்கிவிட்டுப் பதினெட்டாவதை நுழைத்தாள். முப்பது வருஷமாக ஊரார் வீட்டுக் கதவையெல்லாம் திறந்துவிட்ட மனிதர். அவருடைய அடையாள அட்டையை எடுக்க அவர் வீட்டுப் பீரோவே திறக்க மாட்டேன் என்கிறது. அட்டை இல்லாமல் உடலைத் தர மாட்டார்களாம். ஆஸ்பத்திரியிலிருந்து மகன் இரண்டு தடவை போன் செய்துவிட்டான்.

"தள்ளும்மா" என்று மகள் வந்து கைப்பிடியை இழுத்தாள். கதவு திறந்துகொண்டது. பூட்டியே இருக்கவில்லை.

மகளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் அழுகையாகிவிட்டது. தாய்க்கு இரண்டும் வரவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்தே இப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி எல்லாம் மரத்துக் கிடந்தது. சட்டைகளுக்கு அடியிலிருந்து அட்டையை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

வாசலில் கண்ணாடிக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க. உக்காருங்க."

"உக்கார வரல அண்ணி. ஒண்ணு சொல்லணும். நேத்து நான்தான் ஜெயிச்சேன்."

என்ன சொல்கிறார் என்று முதலில் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒன்பது வருஷமாக மத்தியான வேளையில் இவருடைய கடையில் பூட்டுக்காரரும் இவரும் செஸ் ஆடுவார்கள். இவர் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"அண்ணன் எடுத்தவுடனே ராஜா பக்கத்துக் குதிரை முன்னாடி நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுவாரு. யாரும் ஆட்டத்தை அப்படி ஆரம்பிக்க மாட்டாங்க அண்ணி." உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "சும்மா கிடைக்குதேன்னு என் மந்திரி போய் அதை வெட்டும். உடனே நடுவுல இன்னொரு சிப்பாயை நீட்டுவாரு. அதையும் என் சிப்பாய் வெட்டினா முடிஞ்சுது. ஓரத்துல பதுங்கியிருந்த அவர் மந்திரி குறுக்கே ஒரே பாய்ச்சல். மூலையில நிக்கிற என் யானை நகர இடமில்லாம மாட்டிக்கும். நாலே நகர்த்தல்!"

"தெரிஞ்சுமா மாமா வெட்டுவீங்க?" என்றாள் மகள்.

"உங்கப்பா பார்ப்பாரும்மா. 'என்னடா, பயமா?'ன்னு ஒரு பார்வை. ரோஷத்துல வெட்டித் தொலைச்சுடுவேன்." குரல் இறங்கியது. "நேத்து அந்த ரெண்டாவது சிப்பாயை வெட்டல. ஒரு வாரம் வீட்ல உக்காந்து யோசிச்சு வச்சிருந்தேன். குறுக்கு வழியில என் சிப்பாயை நிறுத்தி அடைச்சுட்டேன். அப்புறம் அவரால ஒண்ணும் பண்ண முடியல. ராஜாவைச் சாய்ச்சுட்டு ஒரு வார்த்தை பேசாம எழுந்து போயிட்டாரு. டீ கூடக் குடிக்கல. நான் வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தேன் அண்ணி. அந்த நேரத்துல இங்க..."

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார்.

நேற்று கணவர் வீடு திரும்பியபோது அவள் தையல் மிஷினில் யாருடைய பேண்டுக்கோ ஜிப் வைத்துக்கொண்டிருந்தாள். செருப்பு உரசும் சத்தம், குழாயில் தண்ணீர் விழும் சத்தம். "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?" என்றாள், திரும்பாமலேயே. "அப்புறம்" என்றார். கட்டில் முனகியது. ஜிப்பை முடித்துவிட்டுப் போய்த் தோளைத் தொட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த 'அப்புறம்' எப்படிப்பட்ட அப்புறம்? கோபமா, அலுப்பா, நெஞ்சு வலியா? எத்தனை தடவை யோசித்தாலும் அந்த ஒரு சொல் மட்டும்தான் கேட்டது. முகம் கிடைக்கவில்லை. முகத்தை அவள் பார்க்கவேயில்லை.

"சிரிச்சுக்கிட்டேதான் வந்தாரு" என்றாள்.

"அண்ணி?"

"'கண்ணாடிக்காரன் இன்னைக்குத்தான் கண்ணைத் தொறந்திருக்கான்'னு சொன்னாரு. சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். "அப்படியா சொன்னாரு? அப்படியா சொன்னாரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள்.

அவர் போன பிறகு மகள் நகரவில்லை.

"நீ இதை எங்ககிட்ட சொல்லவேயில்லையேம்மா."

"ஆஸ்பத்திரியில உன் அண்ணன் காத்துக்கிட்டிருப்பான். கிளம்பு."

மகள் அம்மாவின் முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு அட்டையோடு படியிறங்கிப் போனாள்.

மேஜைமேல் கிடந்த அவருடைய போன் அடித்தது. எடுத்தாள்.

"பூட்டுக்காரர் வீடுங்களா? காத்துல கதவு சாத்திக்கிச்சு, சாவி உள்ள மாட்டிக்கிச்சு. அவரைக் கொஞ்சம் உடனே அனுப்ப முடியுமா?" ஒரு பெண் குரல்.

"அவரால வர முடியாதுங்க. இன்னொருத்தர் இருக்காரு. நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க."

சுவரில் பென்சிலால் கிறுக்கியிருந்த எண்ணை இலக்கம் இலக்கமாகச் சொன்னாள். அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். ஒரு இலக்கம் தப்பியது, திருத்தினாள்.

"ரொம்ப நன்றிங்க."

"வெயில்லயா நிக்கிறீங்க?"

"ஆமாங்க."

"எதிர்ல எங்கயாவது நிழல் இருந்தா போய் நில்லுங்க. அவர் வர நேரமாகும்."

அந்தப் பெண் தெருவைக் கடந்து போகும் சத்தம் கேட்கிறவரைக்கும் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.