கைமாறிய மூன்று நாள்

பாஸ்கெட்பால் மேட்ச் பாதியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது கோச் மெக்கேப் திடீரென்று டேவியனை வெளியே அழைத்து உட்கார வைத்தார். அவனுக்கு அடியும் படவில்லை, தவறும் செய்யவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பேரம் முடிந்த சரக்கில் கீறல் விழக்கூடாது, அவ்வளவுதான். இருபத்தோரு வயது டேவியனைச் சியாட்டில் கிளப்புக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்த நட்சத்திர ஆட்டக்காரர் ராய்ஸ் ஹாலமை அவனுடைய செயின்ட் லூயிஸ் கிளப் வாங்கிவிட்டது.

ஊரே குதித்தது. நேற்றுவரை டேவியன் பெயர் போட்ட சட்டையோடு திரிந்தவர்கள் எல்லாம் ஹாலம் படத்தைத் தூக்கிக்கொண்டு கூத்தடித்தார்கள். ரசிகர்களுக்கு மனசாட்சி இருக்கிறதென்று யார் சொன்னது? மிஸ்ஸிஸிப்பியிலிருந்து அம்மா கூப்பிட்டு, இனி நான் எந்த ஊருக்குக் கைதட்டுவது என்று கேட்டாள். டேவியன் இரண்டு பைகளோடு விமானம் ஏறினான். தூக்கி எறிந்தது யாரை என்று இவர்களுக்குக் காட்டுகிறேன் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனான்.

காட்ட வாய்ப்பே வரவில்லை. ஆள் மாற்றும்போது இரண்டு பேருமே மருத்துவச் சோதனையில் தேறியாக வேண்டும். ஹாலமின் இடது முழங்காலை ஸ்கேன் எடுத்துப் பார்த்த செயின்ட் லூயிஸ் டாக்டர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பேரம் ரத்து. சியாட்டிலில் கொடுத்த புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்கக்கூட நேரமில்லாமல் மூன்றாம் நாளே டேவியன் திரும்பினான்.

பயிற்சிக்குப் போனால், "என்ன மச்சான், புகுந்த வீடு ஒத்துக்கலையா?" என்று கூட ஆடுகிறவர்கள் கலாய்த்தார்கள். மெக்கேப் தோளில் தட்டி, இதெல்லாம் வியாபாரம், மனதில் வைத்துக்கொள்ளாதே என்றார். டேவியன் சிரித்துவைத்தான். உள்ளே எரிந்தது. வேண்டாமென்று தள்ளிய வீட்டிலேயே மறுபடி சாப்பிட உட்காருவது எவ்வளவு கேவலம் என்பது உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

கிளப் கொடுத்த ஃப்ளாட்டைத் திறந்தால் கூடம் நிறைய அட்டைப்பெட்டிகள். எல்லாவற்றிலும் ஹாலம் பெயர். அவன் கிளம்பிய கையோடு வீட்டை அவருக்கு ஒதுக்கிவிட்டார்கள் போலிருக்கிறது. ஆத்திரத்தில் ஒரு பெட்டியை எட்டி உதைத்தான். அது கிழிந்து ஆட்டத்துக்குப் போடும் ஷூக்கள் உருண்டன.

கொஞ்ச நேரத்தில் ஹாலமே போனில் கூப்பிட்டார். பெட்டிகளைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்க கிளப்புக்கே அனுப்பிடட்டுமாண்ணே?"

"வேணாம் தம்பி. வீட்டுக்கு அனுப்பிடு. இங்க சியாட்டில் டாக்டரும் பார்த்துட்டார். இனிமே ஆட முடியாதாம்."

டேவியன் கிழிந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். பாவம், பதினாலு வருஷம் அந்த ஊருக்காக ஓடிய கால். பெட்டியை உதைத்ததை நினைத்து அவனுக்கே கூசியது. குனிந்து ஷூக்களைப் பொறுக்கி உள்ளே வைத்தபடியே, என்னையும்தான் இங்கே வேண்டாமென்று தள்ளினார்கள் என்று ஆறுதலுக்குச் சொல்லிப் பார்த்தான்.

"தள்ளினாங்கன்னு நீ நினைக்கிறே. இங்க பதினாலு வருஷமா நான்தான் எல்லாம். உன்னை வாங்கணும்னு என்னையே குடுக்கத் துணிஞ்சாங்கடா. அதை மறந்துடாதே."

டேவியன் போனைக் காதில் வைத்தபடியே பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதான்.