கூமுட்டை

அந்த மலைமுகட்டில் கூவிக்கொண்டிருந்த ஒரே ஒரு காட்டு வான்கோழிச் சேவலை ஆர்வில்தான் சுட்டான். வேட்டைப் பருவத்தின் கடைசி நாள் அது. சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை, அனுமதிச் சீட்டு பையிலேயே இருந்தது. ஆனால் செத்த பறவையைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி லுவெல்லா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"கூமுட்டை."

அதற்கப்புறம் அவள் விடியற்காலையில் முன்வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். அமெரிக்காவின் ஓசார்க் மலையில் அந்தப் பக்கத்தில் வான்கோழிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தன. வசந்தம் வந்தால் காபிக் கோப்பையோடு வாசல் நாற்காலியில் உட்கார்ந்து சேவலின் கொளகொள சத்தத்தைக் கேட்டாக வேண்டும் அவளுக்கு. தேவாலயத்துக்குக்கூட மட்டம் போடுவாள், இதற்குப் போடமாட்டாள். "அந்த ஒண்ண மட்டும் விட்டுடு" என்று முன்கூட்டியே சொல்லியும் இருந்தாள்.

அவனும் விட்டிருப்பான், அவள் தம்பி டெல்மர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால். "சீசன் பூரா வெறுங்கை. உனக்கெல்லாம் எதுக்குடா துப்பாக்கி, அடுப்பு ஊதவா?" என்று காலைச் சாப்பாட்டுக் கடையில் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டான். போதாதா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இப்போது இறைச்சி ஃப்ரீசரில் கிடந்தது. அவள் சமைக்கவில்லை, அவன் கேட்கவும் இல்லை. மற்ற வேட்டைக்காரர்கள் சுவரில் விசிறிபோல் விரித்து அடிக்கும் வாலிறகை அவன் கொட்டகையில் ஒரு மூலையில் செருகிவிட்டான்.

மே மாதக் கடைசியில், மாடுகளின் குளிர்காலத் தீவனத்துக்காகக் கீழ்வயலில் புல் அறுத்துக்கொண்டிருந்தான். டிராக்டருக்கு முன்னால் படபடவென்று ஏதோ கிளம்பியது. வான்கோழிப் பெட்டை! பிரேக்கை மிதித்துக் குதித்து ஓடிப் பார்த்தால், அறுப்புக் கத்திக்கு ஒரு சாண் தள்ளிக் கூடு, நிறைய முட்டைகள். தொடாமல் பின்வாங்கி, கூட்டைச் சுற்றிப் பெரிய திட்டாகப் புல்லை விட்டுவிட்டு மிச்சத்தை அறுத்தான்.

மதியச் சாப்பாட்டில் மெதுவாக ஆரம்பித்தான். "பெட்டை ஒண்ணு அடை படுத்திருக்கு. கீழ்வயல்ல."

லுவெல்லா கரண்டியைக் கீழே வைத்தாள். "முட்டையில கரு இருக்கா?"

அதையேதான் அவனும் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான். சேவல்தான் ஃப்ரீசரில் கிடக்கிறதே!

"நம்ம வீட்டுக் கோழிச் சேவல நரி தூக்கிட்டுப் போன வருஷம், அதுக்கப்புறமும் கொஞ்ச நாளைக்கு முட்டையில குஞ்சு வந்துச்சு," என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல். "அப்புறம் இட்டதெல்லாம் கூமுட்டை. நீ சுட்ட சேவல் சாகறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டையோட சேர்ந்துச்சா இல்லையான்னு யாரு கண்டா?"

மறுநாள் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தான். புல்லுக்குள் பெட்டையின் தலை தெரிந்தது. திரும்பி வந்துவிட்டாள், மகராசி! அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. புல்லைக் கட்டுக் கட்ட வந்த டெல்மர், நல்லது செய்வதாக நினைத்து, கூட்டை ஒட்டி ஒரு குச்சி நட்டு, வேட்டைக்காரர்கள் வழிக்கு அடையாளம் கட்டும் ஆரஞ்சு நாடாவை அதில் கட்டியிருந்தான்.

"மெஷின் ஏறிடக் கூடாதுன்னுதான்டா..."

"அறிவிருக்கா உனக்கு? காக்காவும் முட்டை திருடுற ரக்கூனும் தேடித் தேடித் தின்னுட்டுப் போகும். அதுங்களுக்கு வழிகாட்டிப் பலகை நட்டு வச்சிருக்க!"

"என்கிட்ட எதுக்குக் கத்துற? சேவலச் சுட்டது நானா?"

பெட்டை இரை தேடப் போன நேரம் பார்த்து ஆர்வில் குச்சியைப் பிடுங்கினான். போகிற வழியெல்லாம் தன் வாடை படிகிறதே என்று ஒவ்வோர் அடிக்கும் மனசு அடித்துக்கொண்டது. பட்ட ஓக் மரத்தில் இரண்டு காகங்கள் உட்கார்ந்து அவனையே பார்த்தன. சுடவும் முடியாது, சத்தம் கேட்டால் பெட்டை கூட்டை விட்டுப் போய்விடும். வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து காவல் காத்தான். மாடுகளைப் பார்க்கிற நேரம் போக மற்ற பொழுதெல்லாம் அங்கேயேதான்.

ஜூனில் ஒரு நாள் கூடு காலியாக இருந்தது. உடைந்து கிடந்த முட்டையோடுகளைத் தொப்பியில் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். லுவெல்லா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"ரக்கூன் தின்னா நொறுக்கிப் போட்டிருக்கும். இது மூடி கழட்டின மாதிரி வட்டமா இருக்கு. உள்ளேருந்து உடைச்சது."

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ? பொரிச்சாப் போதுமா? றெக்கை முளைக்கிற வரைக்கும் தரையிலதானே கெடக்கணும்!"

அன்று பிற்பகலே வானம் கறுத்தது. குளிர்ந்த மழை விடாமல் கொட்டியது. நனைந்த குஞ்சு தாங்காது என்று இருவருக்கும் தெரியும். சன்னலோரமாகத் தனித்தனியே நின்றார்கள்.

ஜூலை பிறந்தது. ஓடைப் பாலத்தருகே ஒரு பெட்டை தனியாக நடந்து போவதைப் பார்த்தான். பின்னால் ஒன்றுமே இல்லை. வண்டியை நிறுத்தி வெகுநேரம் பார்த்தான், புல் அசையவே இல்லை. குஞ்சுகளைப் பறிகொடுத்த பெட்டைதான் இப்படித் தனியாகத் திரியும். லுவெல்லாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இனி அடுத்த வசந்தத்திலும் முகடு ஊமைதான், எல்லாம் தன்னால்தான் என்று அன்று முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

சில நாள் கழித்து, காலையில் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏ கூமுட்டை! சத்தம் போடாம வா."

லுவெல்லா தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அறுத்த வயலில் ஒரு பெட்டை தலையை உயர்த்தி நின்றது. அதன் காலடியில் வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு குஞ்சுகள் தத்தின. ஒன்று வேலிக் கம்பிக்குப் பறக்கப் பார்த்துத் தொப்பென்று விழுந்தது. பாலத்தருகே பார்த்தது வேறு ஏதோ பெட்டை! ஆர்விலுக்குக் கண் கலங்கி, எத்தனை குஞ்சு என்றுகூடத் தெரியவில்லை.

"உக்காரு," என்று பக்கத்து நாற்காலியைக் காலால் தள்ளினாள்.

தூரத்தில் டெல்மரின் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

"அவன் மட்டும் ஹாரன் அடிக்கட்டும், சுட்டுடுவேன்," என்றாள் லுவெல்லா.

"சீசன் முடிஞ்சிடுச்சு," என்றான் ஆர்வில்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, "ஃப்ரீசர்லேருந்து அத வெளிய எடுத்து வை, சாயங்காலம் சமைக்கிறேன்," என்றாள்.