மூத்தாளின் பங்கு

என் வீட்டுக்காரர் கறிக்கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை ஆடு அறுத்தால் நல்ல பங்கு எனக்கில்லை. ஈரலும் நெஞ்செலும்புமாகப் பொறுக்கி எடுத்து ஒரு தையற்காரி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அவள் செத்துப்போன மூத்தாளின் தோழி. இளையாளான நான்தான் அதைப் பொட்டலம் கட்ட வேண்டும். வயிறு எரியுமா எரியாதா?

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் சண்டையாவது போடலாம். செத்தவளை என்ன செய்வது? அவளுக்கு வயது ஏறுவதில்லை, அவள் குழம்பில் உப்புக் கூடுவதில்லை. "அவ இருந்தப்போ..." என்று இவர் ஆரம்பித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வாரம் பெண்கள் வகுப்பில் மார்க்கப் பாடம் நடத்தும் ஆலிமா, நபிகள் நாயகத்தின் முதல் மனைவி கதீஜா நாயகியைப் பற்றிப் பேசினார். ஊரே நபியைப் பொய்யர் என்றபோது முதலில் நம்பியவர் அவர். அவர் மறைந்து வருஷங்கள் ஆன பிறகும், ஆடு அறுத்தால் நபிகள் நாயகம் அவருடைய தோழிகளுக்குப் பங்கு அனுப்பி வைப்பார்களாம். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கோ தூக்கிவாரிப் போட்டது. என் வீட்டு மனுஷன் இதை எங்கே கற்றுக்கொண்டார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பின்னால வந்தவங்களுக்குப் பொறாமையே வரலியா?" என்று கேட்டேன்.

"வராம இருக்குமா?" என்றார் ஆலிமா. "பின்னால மனைவியா வந்த ஆயிஷா நாயகி வெளிப்படையாவே சொல்லியிருக்காங்க. கண்ணாலகூடப் பார்க்காத கதீஜா நாயகி மேலதான் அவங்களுக்கு ரொம்பப் பொறாமை."

அப்பாடா என்றிருந்தது. அவ்வளவு பெரியவருக்கே வந்தது எனக்கு வரக்கூடாதா? இந்த வாரம் பொட்டலத்தை நானே தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இதோடு சரி, இனிமேல் கறி வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதாகத் திட்டம்.

தையற்காரி மிஷினை விட்டு எழுந்து வந்தாள். பொட்டலத்தை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"நீயே வந்துட்டியா? உள்ள வாம்மா." நாற்காலியில் குவிந்திருந்த துணிகளை ஒதுக்கினாள்.

"உட்கார வரலை. ஒண்ணு சொல்லணும்."

"சாப்பிட்டுட்டுச் சொல்லு. என் வீட்டுக்காரன் என்னைத் தள்ளி வெச்சப்போ ஊரே என் மேல பழி போட்டுச்சு. அவ ஒருத்திதான் என்னை நம்பி இந்தக் கதவைத் தட்டினா. அவ போனப்புறம் யாரும் வர்றதில்லை. இது மட்டும் வரும்" என்று பொட்டலத்தைக் காட்டினாள். "அது கிடக்கட்டும், உனக்கு யாரு தோழி?"

வாயைத் திறந்தேன். சித்தி மகள் ஒருத்தி இருக்கிறாள், பேசியே வருஷக்கணக்காகிறது. பக்கத்து வீட்டுக்காரியோடு குப்பைத் தகராறு. மூத்தாளை நினைத்துப் பொருமியே பொழுதெல்லாம் போய்விட்டது. நான் செத்தால் இந்த மனுஷன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு யார் வீட்டைத் தேடுவார்? அந்த நிமிஷம் மூத்தாள் மேல் வந்த பொறாமைக்கு முன்னால் பழையதெல்லாம் ஒன்றுமே இல்லை. வீட்டுக்காரருக்காக வந்த பொறாமை இல்லை அது. இவளுக்காக.

"என்னமோ சொல்லணும்னியே?"

துணிகளை இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

"அடுத்த வாரத்துலேருந்து ரெண்டு பொட்டலம் வரும். ஒண்ணு அவ பேர்ல, ஒண்ணு என் பேர்ல. என்னுதுதான் பெருசா இருக்கும், சொல்லிட்டேன்."